பத்து நிமிஷத்தார் போடாத சுவிட்ச்

தலைமையேற்றிருக்கும் எங்கள் பல் லேப் முதலாளி அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பல் மருத்துவர் அம்மா அவர்களே! பல் தொழில்நுட்பர் சங்கச் செயலாளர் அவர்களே! முதல் வரிசையில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் லேப் அண்ணனின் மனைவியான என் அண்ணி அவர்களே! நாற்காலி காலியாக இருந்தும் கதவோரம் நின்றுகொண்டே இருக்கும் அவர் மகள், எங்கள் பாப்பாவே! அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருக்கும் தொழில் தோழர்களே! அவர் கைபட்ட பல்லை வாயில் வைத்துக்கொண்டு, இன்று அதைக் காட்டிச் சிரிக்க வழியில்லாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. லேபில் செராமிக் கேப்புகளுக்குக் கிளேஸ் பூசி ஃபர்னஸில் வைத்து எடுக்கிறவன். 'அடுப்புக்காரர்' என்று எனக்குப் பெயர் வைத்தவர், அதோ அந்தப் படத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நம்மைப் பார்க்கிறாரே, அவர்தான். இப்போது வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருகிறவர்கூட 'அடுப்புக்காரர் வீடு எது' என்றுதான் தெருவில் கேட்கிறார். பதிலுக்கு நானும் சும்மா இருக்கவில்லை. 'பத்து நிமிஷத்தார்' என்ற பெயர் நான் வைத்தது.

ஏன் அந்தப் பெயர்? "முடிஞ்சுதா அண்ணே?" என்று யார் கேட்டாலும் அவர் சொல்லும் ஒரே பதில் அது! காலையில் கேட்டாலும் பத்து நிமிஷம். சாப்பாட்டு நேரத்தில் கேட்டாலும் பத்து நிமிஷம். கிளினிக்குகளுக்கு எடுத்துப் போகும் எங்கள் பெட்டிக்காரர் வாசலில் ஸ்கூட்டரை உறுமவிட்டுக்கொண்டு, "அண்ணே, உங்க பத்து நிமிஷத்துல நான் ஒரு தூக்கமே போட்டு எழுந்திரிச்சிடுவேன்" என்று கத்துவார். சங்கம் அவருக்கு 'மெருகுச் செம்மல்' பட்டம் கொடுத்த அன்று மேடையில் எல்லோரும் காத்திருந்தோம். செம்மலைக் காணோம்! ஓடிப் போய்ப் பார்த்தால், ஒரு கடைவாய்ப் பல்லோடு குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

மேற்கொண்டு பேசும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை வராந்தாவில் அண்ணி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தூசி உறிஞ்சுற மிஷின் அவரு மேசைக்கு அடியிலயே இருந்துச்சுல்ல தம்பி? ஏன் போடாம இருந்தாரு?" அன்று நான் ஒரு பதில் சொன்னேன். அது பொய். சரியான பதிலை இன்று, உங்கள் எல்லோர் முன்னிலையிலும், சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். அதற்கு முன் அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் நான் சொல்லப் போவது புரியாது.

உடைந்த பல்லின் மேல் மாட்டுகிற செராமிக் கேப் எங்கள் மேசைக்கு வரும்போது வடிவம் சரியாக இருக்கும், நிறம் சரியாக இருக்கும். ஆனால் கடைந்த கருவியின் கீறல்கள் அதன் மேல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும். அதற்கு இரண்டு வழி. ஒன்று என் வழி. கண்ணாடிக் குழம்பு போன்ற கிளேஸைத் தூரிகையால் மெல்லப் பூசி ஃபர்னஸில் வைத்து எடுப்பது. கீறல்களை அது மூடிவிடும். இன்னொன்று அவர் வழி. சொரசொரப்பான ரப்பர் சக்கரம், பிறகு மென்மையானது, பிறகு அதைவிட மென்மையானது, நாலாவதாக டைமண்ட் பேஸ்ட் தொட்ட பிரஷ் சக்கரம். கீறல்களைத் தேய்த்துத் தேய்த்து இல்லாமலே ஆக்குவது. முதல் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்னுடையதுதான் ஜொலிக்கும்! நாலு வருடம் கழித்து வைத்துப் பார் என்பார் அவர்.

இதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமா? "அண்ணே, நீங்க ஒரு பல்லுக்கு எடுக்கிற நேரத்துல நான் பத்து பல்லு சுட்டு எடுத்துடுவேன்" என்பேன். "சுட்டு எடுங்க அடுப்புக்காரரே, முதல்ல என்கிட்ட குடுத்துட்டு அப்புறம் சுடுங்க" என்பார். முதலில் மெருகு, அதற்கு மேல் வேண்டுமானால் கிளேஸ். அதுவும் முன்பக்கத்துக்குத்தான். கடிக்கிற பக்கத்துக்கு வெறும் மெருகு. இதில் அவர் கடைசிவரை ஒற்றைக்காலில் நின்றார்.

அவர் சொன்னது சரி என்று எனக்குப் புரியவைத்தவர் இந்த அவையிலேயே இருக்கிறார். ஓய்வுபெற்ற டீச்சர் அவர்கள். மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன் போட்ட கேப் கழன்றுவிட்டது என்று காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, கிளினிக்கில் சொல்லியும் கேட்காமல், லேபுக்கே நேரில் வந்துவிட்டார்கள். "கழண்டது போகட்டும் சார். இதோட நிறத்தைப் பாருங்க. போன வருஷத்துலேர்ந்து கையால வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிக்கிறேன்" என்றார்கள். பத்து நிமிஷத்தார் கேப்பைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அடுப்புக்காரரே, வாங்க, உங்க கைவண்ணத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கிளேஸ் திட்டுத் திட்டாகத் தேய்ந்து போயிருந்தது. அதற்கு அடியில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பில் காப்பிக் கறை ஏறி உட்கார்ந்திருந்தது. அது மட்டுமா? எதிரே இருந்த டீச்சரின் சொந்தப் பல்லை அது நாலு வருடமாக அரம் மாதிரி அராவிக்கொண்டிருந்திருக்கிறது! பதிவேட்டைப் புரட்டினோம். அவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் போன கேப் அது. மெருகு போடாமல், கீறல்களின் மேலேயே நான் கிளேஸ் பூசி அனுப்பியிருந்தேன்.

முதலாளியிடம் சொன்னாரா? சொல்லவில்லை. டீச்சரிடம் சொன்னாரா? "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு டீச்சர், எங்களோடதுதான்" என்றார். 'எங்களோடது' என்றார், ஐயா! நான் செய்த தப்பில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். அது போட்டு ஆறு வருடம் ஆகிறது. வெளியே போகும்போது டீச்சரைப் பாருங்கள். எது சொந்தப் பல், எது அவர் மெருகிட்ட பல் என்று சொல்லிவிட்டால் என் வேலையை விட்டுவிடுகிறேன்.

மேடையில் இருக்கும் மருத்துவர் அம்மாவுக்கும் ஒரு கதை உண்டு. சொல்லலாமா அம்மா? தலையாட்டுகிறார்கள். கேப்பை மாட்டியபின் கடி சரியாக உட்காரவில்லை என்றால் கிளினிக்கிலேயே கொஞ்சம் தேய்ப்பது வழக்கம். தேய்த்தால் மெருகு போய்விடும், கீறல் வந்துவிடும். பெரும்பாலான இடங்களில் அப்படியே நோயாளியை அனுப்பிவிடுவார்கள். இது தெரிந்ததும் பத்து நிமிஷத்தார் ஒரு சின்ன டப்பாவில் நாலு சக்கரத்தைப் போட்டுக்கொண்டு கிளினிக் வாசலில் போய் நின்றுவிட்டார். நின்றவர் நகரவில்லை! "அம்மா, நீங்க ஒரு நிமிஷம் தேச்சீங்க. அதைச் சரிபண்ண ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க, போதும்" என்றார். "பல்லு உங்களோடதா, என் பேஷண்டோடதா?" என்று அம்மா சீறினார்களாம். "வாய் அவங்களோடது, ஏச்சு நம்ம ரெண்டு பேருக்கும் அம்மா" என்றாராம். அன்றிலிருந்து அந்த டப்பா கிளினிக்கிலேயே இருக்கிறது. அதில் அடிக்கடி சக்கரம் மாற்ற வேண்டியிருக்கிறது என்று போன மாதம் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். அந்தப் போன் வந்தபோது அவர் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தார்.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

தலைவராக அமர்ந்திருக்கும் நம் முதலாளி அவர்கள் சற்றுமுன் பேசும்போது ஒன்று சொன்னார்கள். மெருகுச் சக்கரத்தின் ஒலி மாறுவதைக் காதால் கேட்டுத்தான் அவர் மெருகின் பதத்தை அறிந்தார், அதற்காகவே தூசி உறிஞ்சும் சக்‌ஷன் இயந்திரத்தை நிறுத்தி வைத்தார், தொழிலுக்காகத் தன் மூச்சையே கொடுத்தார் என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். தலைவர் மேல் குற்றமில்லை. அவர் கேட்டபோது பத்து நிமிஷத்தாரே அப்படித்தான் சொன்னார். "சத்தம் கேட்டா எனக்கு வேலை ஓடாது சார்" என்றார். வேலை குறையில்லாமல் வந்ததால் முதலாளியும் விட்டுவிட்டார். வராந்தாவில் நான் அண்ணியிடம் சொன்ன பதிலும் இதுவேதான்.

அண்ணி என்ன சொன்னார் தெரியுமா? "டிவியும் மிக்ஸியும் ஒண்ணா அலறுறப்பவே சோபாவுல குறட்டை விடுற மனுஷன் தம்பி அவரு. அவருக்கா சத்தம் ஆகாது? எங்கயோ இடிக்குதே!" என்றார். ஆனால் அண்ணி அதோடு விட்டுவிட்டார். பாப்பா விடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "விடும்மா. அவருக்கு நம்மளவிடப் பல்லுதான் முக்கியம். நம்மளப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா சுவிட்சைப் போட்டிருப்பாரு" என்றது. அப்பா போனபிறகும் அது அழவில்லை. இன்று வரைக்கும் அழவில்லை. இப்போதும் கதவோரம்தான் நிற்கிறது.

கேளுங்கள், தோழர்களே! கேள் பாப்பா! அந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவன் நான்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. அன்று ஃபர்னஸிலிருந்து எடுத்த ஆறு கேப்புகளும் கோடு கோடாக, பொரிந்துபோய் வந்தன. பூசும்போதே கிளேஸ் குழம்பு தூரிகையில் காய்ந்து திரிதிரியாக நின்றிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்து மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த சக்‌ஷன்தான் கண்ணில் பட்டது. "அண்ணே, அந்தக் காத்துலதான் என் குழம்பெல்லாம் காஞ்சுபோகுது. அந்தச் சனியனை நிறுத்தித் தொலைங்க!" என்று கத்தினேன். லேபே திரும்பிப் பார்த்தது; முதலாளி மட்டும் அன்று இல்லை. அவர் குனிந்து சுவிட்சை அணைத்தார்.

மறுநாளும் போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. ஒரு மெல்லிய காகித முகமூடி போட்டுக்கொள்வார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அதையும் தாடைக்கு இறக்கிவிடுவார். சக்கரம் சுற்றும்போது எழும் அந்த வெள்ளைத் தூள் அவர் புருவத்தில் படியும், மீசையில் படியும். "அண்ணே, வயசு ஏறிட்டே போகுதே!" என்று கிண்டல் செய்வேன். கிண்டல் செய்தேனே, பாவி!

இரண்டு மாதம் கழித்து உண்மை தெரிந்தது. குழம்பு காய்ந்ததற்குக் காரணம் காற்று இல்லை. ஜாடி மூடியை நான் சரியாகத் திருகாமல் வைப்பது வழக்கம். வார இறுதி முழுக்க ஜாடி திறந்து கிடந்து, அதில் இருந்த நீர் வற்றி, திங்கட்கிழமை குழம்பு கெட்டியாகியிருக்கிறது. இன்னொரு திங்கட்கிழமை, சக்‌ஷன் ஓடாத அறையிலேயே, அதே கோடுகள் வந்தபோதுதான் இதைக் கண்டுபிடித்தேன். அப்போதாவது சொன்னேனா? "அண்ணே, என் தப்பு, நீங்க மிஷினைப் போடுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை! லேபுக்கே கேட்கும்படி கத்தியவன், தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளாக ஆக, அறை அமைதியாக இருப்பதும் எனக்குச் சுகமாகப் போய்விட்டது. பதினோரு வருடம், ஐயா! பதினோரு வருடம்!

பிறகு இருமல் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சுப் படத்தைப் பார்த்த மருத்துவர், "தூசி படிஞ்சு நுரையீரல் இறுகிப்போச்சு, இதைத் திருப்ப முடியாது" என்றார். அதைக் கேட்டபோது அவர் பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

கடைசிக்கு முந்தின வாரம் போய்ப் பார்த்தேன். அண்ணி மருந்து வாங்க வெளியே போயிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே ஆரம்பித்தார். "அடுப்புக்காரரே, ஜாடி மூடியைத் திருகுனீங்களா?" என்றார்.

"தெரியுமா அண்ணே?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். நீங்க கத்துறப்பவே மூடி பக்கத்துல கிடந்துச்சு."

"அப்புறம் ஏண்ணே நிறுத்துனீங்க? தெரிஞ்சும் ஏன் திரும்பப் போடல?"

மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார். "அத்தனை பேர் முன்னாடி கத்திட்டீங்க. நான் மறுநாள் மிஷினைப் போட்டா, உங்களைக் குத்திக்காட்டுற மாதிரி ஆயிடும்ல. நீங்களா வந்து போடுங்கம்பீங்கனு பார்த்தேன். அப்புறம் அப்படியே பழகிடுச்சு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல சத்தம்னே சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க. நீங்க அந்த லேபுக்குத்தான் தினமும் போகணும்" என்றார்.

நான் தலையாட்டினேன். சாகக் கிடக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். அந்த வாக்கை இதோ உங்கள் முன் மீறிவிட்டேன். அண்ணே, நீங்கள் மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி. கீறலின் மேல் கிளேஸ் பூசி அனுப்பினால் என்ன ஆகும் என்று பூதக்கண்ணாடியில் காட்டியது நீங்கள்தானே? உங்கள் சாவுக்கு மட்டும் நான் எப்படிப் பூசுவேன்?

அவரையும் நான் முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. அவர் செய்ததும் தப்புதான்! ஒரு சக ஊழியன் கூச்சப்படக் கூடாது என்பதற்காக மனிதன் தன் நுரையீரலைக் கொடுப்பானா? சுவிட்சைப் போட்டுவிட்டு, "போய்யா, உன் மூடியைத் திருகுய்யா" என்று என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். மூன்றாம் நாள் சேர்ந்து காப்பி குடித்திருப்போம். இன்று இந்தக் கூட்டம் எதற்கு?

தலைவர் அவர்களே! ஒரு வேண்டுகோள்; வேண்டுகோள் என்றுகூடச் சொல்லமாட்டேன். நேற்று எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து கேட்டுவிட்டேன். சக்‌ஷன் ஓடினால்தான் சக்கரத்தைச் சுழற்றும் மைக்ரோமோட்டாரே சுற்றும் என்பது போல வயரை மாற்ற அரை நாள் வேலைதானாம். ஒன்பது மேசைகளுக்கும் அதைச் செய்தபிறகுதான் இனி நம் லேபில் சக்கரம் சுற்ற வேண்டும். நீங்கள் தலையாட்டுவதை இங்கிருந்து பார்க்கிறேன், நன்றி. சங்கச் செயலாளர் அவர்களே! சங்கத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நான் போன வாரமே எடுத்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அதே அறையில் அதே பதினோரு வருடம் உட்கார்ந்தவன் நான். ஆனால் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக் குனிந்தவர் அவர். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, தோழர்களே. வெட்கமாக இருந்தது.

அவர் மேசையில் மெருகு போடாத கேப்புகள் பதினேழு கிடக்கின்றன. அவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அவர் கை வராது. ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, நாலாவது சக்கரம் வரை போகாமல் ஒன்றைக்கூட ஃபர்னஸில் வைக்கமாட்டேன். மெருகுச் செம்மலுக்கு இதைத்தான் என் அஞ்சலியாகச் சொல்கிறேன்.

அண்ணி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். தாமதம்தான். மன்னியுங்கள் என்று இன்று கேட்கமாட்டேன். இன்று கேட்டால், இத்தனை பேர் முன்னால் உங்களால் இல்லை என்று சொல்ல முடியாமல் போகும்.

பாப்பா, நீ அங்கேயே நில். வெளியே போய்விடாதே. உன் அப்பாவுக்குப் பல் பெரிது, நீ சிறிது என்று ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தச் சுவிட்சுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை; அது எனக்காக அணைந்தது. இந்தப் படிகளில் இறங்கி நேராக உன்னிடம்தான் வருகிறேன். இத்தனை நாள் உனக்குள் வைத்திருப்பதையெல்லாம் என் முகத்துக்கு நேராகச் சொல். அடிக்க வேண்டும் போல இருந்தால் அடி. உன் அப்பாவை மட்டும் இனித் திட்டாதே. அவருக்காக அழு, பாப்பா.